நோன்பின் மேல் போட்ட பழி

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில், வேலைத்தலங்களை ஆராய நீங்கள் மூவரும் புறப்படுகிறீர்கள். கிளம்புவதற்கு முன் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வாழ்த்துவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று நினைக்கிறார்கள் போலும். வாழ்த்துரை எனக்கு வராது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

நம் தொழிலுக்கு இப்போது பணிச்சூழலியல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் நான் சேர்ந்தபோது அந்தச் சொல்லே கிடையாது. தொழிலாளர் உடல்நலம் பார்க்க ஒரு சின்னப் பிரிவு, மதுரையில் நாற்காலியில் உட்கார ஒரு மேலதிகாரி, ஊர் ஊராக அலைய நான். கையில் ஒரு கனத்த புத்தகம். எத்தனை உயர மேசைக்கு எத்தனை உயர இருக்கை என்று அட்டவணை போட்டிருக்கும். குளிர் தேசத்துத் தொழிற்சாலைகளில் பூட்ஸ் போட்ட ஆண்களை அளந்து எழுதியது அது. அந்த விஷயத்தை முன்னுரையிலேயே சொல்லியிருந்தார்கள். நான் முன்னுரை படிக்கிற ஆள் இல்லை.

அந்தப் புத்தகத்தோடு போடிநாயக்கனூருக்குப் போனேன். மலையில் விளையும் ஏலக்காய் எல்லாம் அங்கேதான் இறங்கும். இறங்கிய காயைத் தரம் பிரிப்பது பெண்கள் வேலை. நான் போன கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், இருபது பெண்கள் இருந்தார்கள். பாதிக்கு மேல் ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் பெண்கள், மற்றவர்கள் சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். தரையில் சாக்கு விரித்து, ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, முன்னால் குவிந்த காயிலிருந்து வெடித்ததையும் கறுத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கித் தள்ளுவார்கள். காலை முதல் சாயங்காலம் வரை இதேதான். கால் மரத்துப்போகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று புகார் வந்ததால் என்னை அனுப்பியிருந்தார்கள்.

கிட்டங்கி முதலாளி ஒரு ராவுத்தர். நான் கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பையன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். நம்ம பிள்ளை, அதுவும் படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் புத்தகத்தைப் பிரித்து, உயரமான மேசையும் அதற்கேற்ற உயரமான ஸ்டூலும் செய்யச் சொன்னேன். பெண்களை ஆண்பிள்ளை நாடா வைத்து அளக்க முடியாது. ஆகவே யாரையும் அளக்கவில்லை. புத்தகத்தில் இருந்த அளவை ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இது பொம்பளைகள் உட்காருவதற்கா, தேங்காய் பறிப்பதற்கா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. தரையில் உட்காருவது பழைய பழக்கம், மேசைதான் நாகரிகம் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன்.

ஸ்டூல்கள் வந்து இரண்டு வாரத்தில் ரமலான் பிறந்தது. நல்ல பங்குனி வெயில். முஸ்லிம் பெண்கள் எல்லாரும் நோன்போடு வந்து, மேசை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து காய் பிரித்தார்கள். மூன்றாம் நோன்பன்று மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மரியம் என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கிட்டங்கியிலேயே வேகமான கை அவளுடையது. அவள் இறங்கும்போது கால் மடங்கித் தரையில் விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அன்று சாயங்காலமே மதுரைக்கு அறிக்கை எழுதினேன்: நோன்பினால் ஏற்பட்ட சோர்வே விபத்துக்குக் காரணம், நோன்பு மாதத்தில் நோன்பிருப்பவர்களை இந்த வேலையில் ஈடுபடுத்தாமல் இருப்பது நல்லது. ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ஸ்டூல் என்னுடையது. நோன்பு என்னுடையதல்ல. பயணத்தில் இருப்பவனுக்குச் சலுகை உண்டு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அந்த வருடம் ஓட்டலில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதோடு, சொந்தச் சமூகத்தின் வழக்கத்தையே தயங்காமல் குறை சொல்லும் நடுநிலையாளன் என்று மேலதிகாரி மெச்சிக்கொள்வார் என்ற ஆசையும் இருந்தது.

மெச்சத்தான் செய்தார். இரண்டாம் நாளே பதில் வந்தது. நல்ல வேலை, இதையே சுற்றறிக்கையாக ஊரில் உள்ள எல்லாக் கிட்டங்கிகளுக்கும் வெள்ளிக்கிழமை அனுப்பப்போகிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குள் ராவுத்தரும் தன் பங்கைச் செய்துவிட்டார். நோன்பு வைத்த பிள்ளைகள் என் கிட்டங்கியில் விழுந்து கையை ஒடித்துக்கொள்வதா என்று மனசு நொந்து, பெருநாள் முடிந்து வந்தால் போதும் என்று முஸ்லிம் பெண்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் நினைத்தது நல்லதுதான். ஆனால் அந்த வீடுகளில் அந்த ஒரு மாதம் அடுப்பெரிய வேறு வழி கிடையாது. சுற்றறிக்கை போய்விட்டால் மற்ற கிட்டங்கிகளிலும் இதே கதிதான். ஒரு மாதத்துக்கு வேறு ஆள் வைப்பவர்கள் அந்த ஆளையே வைத்துக்கொள்வார்கள். எத்தனை பெண்களின் பிழைப்பு என் ஒரு வாக்கியத்தில் தொங்கியது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராவுத்தர் அரிசியும் பேரீச்சம்பழமும் கொடுத்து, மரியத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். அவளோடு பக்கத்து ஸ்டூலில் உட்காரும் சிலமலைப் பேச்சியம்மாள் ஏற்கெனவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். மரியம் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அரிசியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வேலை இருந்தால் சொல்லுங்கள், அரிசி நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“கை போகட்டும் தம்பி, அது சேந்துரும். நோன்பு தள்ளிவிட்டுச்சுன்னு எழுதிப்புட்டீகளாம்ல. அத எப்படிச் சேப்பீக?”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவனுக்குப் பதில் தெரியாதபோது வருகிற கோபம்தான். வெயில், தாகம், தண்ணீர் இல்லாத உடம்பு, ரத்த ஓட்டம் என்று அடுக்கினேன். பேச்சியம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஏ அப்பு, நான் கம்மங்கஞ்சியக் குடிச்சிட்டுத்தான வர்றேன். மத்தியானம் எறங்குறப்ப எனக்கும் காலு கட்டையாத்தான இருக்கு. மேசையப் பிடிச்சுக்கிட்டுத்தான் எறங்குறேன். எனக்கு எந்த நோன்பு?”

அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். நோன்பு வைத்தவள் விழுந்தாள் என்றால், நோன்பு வைக்காதவள் எப்படி இறங்குகிறாள் என்று கேட்பதுதானே ஆய்வின் முதல் படி. அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு விடை முன்கூட்டியே பிடித்துப்போயிருந்தது. அன்று புதன்கிழமை. சுற்றறிக்கைக்கு ஒரு நாள்தான் பாக்கி.

வியாழக்கிழமை விடிவதற்கு முன், சஹர் நேரத்தில் எழுந்து, சாப்பிட்டு, நோன்பு வைத்தேன். காலையில் கிட்டங்கிக்குப் போய், காலியாகக் கிடந்த மரியத்தின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து காய் பிரிக்க ஆரம்பித்தேன். நான் பிரித்த லட்சணத்தைப் பார்த்து, வேலையில் மீதியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேச்சியம்மாளுக்கு அது போதவில்லை. மரியம் மாதிரி உட்கார வேண்டுமென்றால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள், சுமைதூக்கும் ஆட்கள் போகும்போதெல்லாம் அது நழுவக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். கேலிக்குத்தான் சொன்னாள். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதைச் செய்துபார்க்காமல் இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பெண்கள் உட்காரும் இடத்துக்கும் மூட்டை தூக்குகிறவர்கள் போகிற பாதைக்கும் நடுவில் ஒரு அரைச்சுவர் உண்டு. முன்பு தரையில் உட்கார்ந்தபோது அந்தச் சுவர் அவர்களை மறைத்தது. முக்காடு நழுவினாலும் கவலையில்லை, இரண்டு கையும் வேலையில் இருக்கும். நான் அவர்களைத் தூக்கி ஸ்டூலில் வைத்ததும் தலையும் தோளும் சுவருக்கு மேலே வந்துவிட்டன. ஒவ்வொரு மூட்டை போகும்போதும் என் இடது கை துண்டைப் பிடிக்கப் போனது. ஒரு கையால் வேலை, ஒரு கையால் முக்காடு. உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கால் தரையைத் தொடவில்லை. பலகையின் விளிம்பு தொடையில் அழுத்தியது. வெயில் ஏறுவதற்கு முன்பே, தாகம் எடுப்பதற்கு முன்பே, முழங்காலுக்குக் கீழே என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன.

லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். இறங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆட்கள் மூட்டையோடு பாதையில் வந்தார்கள். காலையிலிருந்து பழகிப்போன இடது கை தானாகத் தலைக்குப் போனது. மேசையைப் பிடிக்க வேண்டிய கை அது. தடுமாறினேன். பேச்சியம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால் நானும் அங்கேதான் விழுந்திருப்பேன். அவள் இத்தனை நாளும் மேசையைப் பிடித்து இறங்கினாள். மரியத்தின் கை முக்காட்டில் இருந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நோன்பு உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்துக்குள் எனக்குத் தலை வலித்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு என்ன வழி என்று நோன்பு வைக்கும் பெண்களையே பிறகு கேட்டேன். விடியற்காலையில் ஃபஜ்ர் தொழுததும் வேலையைத் தொடங்கி, அஸருக்கு முன்னால் முடித்துவிட்டால் போதும் என்றார்கள். அவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே ராவுத்தரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அப்படியானால் நான் அந்தப் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்தது என்று இழுத்தார். அது என் பேச்சைக் கேட்டுச் செய்தது, தப்பு என்னுடையது என்றேன். ஆறுதல் சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

“ஒங்க தப்ப நீங்க எழுதி அனுப்புங்க தம்பி. என் தப்புக்கு நான் வீடுவீடாப் போய்க் கூப்புட்டுக்கிறேன்.”

தபால் போய்ச் சேர நேரமில்லை. தந்தி ஆபீசுக்கு ஓடினேன். சுற்றறிக்கையை நிறுத்தவும், விபத்துக்குக் காரணம் நோன்பு அல்ல, ஸ்டூல், ஸ்டூல் என் யோசனை என்று எழுதிக் கொடுத்தேன். தந்தி குமாஸ்தா படித்துப் பார்த்து, கடைசி வரி அவசியமா சார் என்று கேட்டார். அந்த வரி இல்லையென்றால் மற்றதை யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். சுற்றறிக்கை நின்றது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, அந்த வருடத்து ஊதிய உயர்வும் போனது. மேலதிகாரி பிறகு என்னோடு சிரித்துப் பேசியதே இல்லை. அதற்கு முன்பும் அவ்வளவாகச் சிரித்தவர் இல்லை, ஆகையால் பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது.

புது இருக்கைக்கு அளவெடுக்கும் வேலையைப் பெண்களிடமே விட்டேன். முஸ்லிம் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒருவரை ஒருவர் அளந்து, கயிறுகளை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். மற்றவர்களை அளந்தது பேச்சியம்மாள். எப்படிப்பட்ட இருக்கை வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். அறுவடைக் காலத்தில் அவள் மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள்.

“மேல சரிவுல உக்காந்துதான காய் எடுப்போம். இடுப்பு மேல இருக்கும், காலு கீழ ஊனியிருக்கும். பொழுதுக்கும் உக்காந்தாலும் மரத்துப்போகாது. இங்க தரை சமமாக் கெடக்கு, அதான் கேடு.”

ஏலக்காய் செடியின் அடியில் தரையை ஒட்டிக் காய்ப்பது. அதை எடுக்கும் பெண்கள் உட்கார்ந்தேதான் எடுக்க வேண்டும், அந்த மலையே அவர்களுக்கு இருக்கையாக இருந்திருக்கிறது. நான் அந்த மலைக்கு ஜீப்பில் இரண்டு தடவை போய் வந்திருந்தேன். காட்சி பார்த்துவிட்டு வந்தேன், பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. ஆசாரி ஸ்டூல் கால்களை அறுத்தார். தாழ்ந்த பலகை, முன்பக்கம் லேசாகச் சரிவு, பாதம் முழுசாகத் தரையில் படும். மேசையையும் அதற்கேற்பத் தாழ்த்தினோம். அரைச்சுவர் மறுபடியும் அவர்களை மறைத்தது. லுஹருக்கு முஸ்லிம் பெண்கள் எழுந்து போகும் நேரத்தில் மற்றவர்களும் எழுந்து நடக்கட்டும் என்று ராவுத்தர் உத்தரவு போட்டார். இடையில் எழுந்திருக்கவே வழியில்லாமல் இருந்தவர்கள் பேச்சியம்மாள் மாதிரிப் பெண்கள்தான் என்பதும் அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போகும் நாடுகள் சிலவற்றுக்குப் பின்னாளில் நானும் வேலையாகப் போயிருக்கிறேன். மீன் பதப்படுத்தும் கூடங்கள், தறிக்கூடங்கள், துறைமுகங்கள். பல இடங்களில் அதே புத்தகத்தின் பேரப்பிள்ளைகள் மேசைமேல் இருந்தன. அங்கே உழைக்கிறவர்களின் உடம்பை அளந்து, உடுப்பைப் பார்த்து, தொழுகை நேரத்தையும் நோன்பு மாதத்தையும் கணக்கில் எடுத்து அங்கேயே செய்த ஆய்வு மிகக் குறைவு. ஆய்வு இல்லாத இடத்தில் இரண்டு தப்பு நடக்கும். ஒரு கூட்டம் எல்லாவற்றுக்கும் மார்க்கத்தின் மேல் பழி போடும். இன்னொரு கூட்டம் மரியாதை என்ற பெயரில் அதைப் பற்றிப் பேசவே பேசாது. இரண்டிலும் விழுகிறவள் விழுந்துகொண்டேதான் இருப்பாள். வெளிச்சம் எப்படி, வெப்பம் எப்படி என்று குறிக்கிறீர்களே, அதே வரிசையில் முக்காட்டையும் குறியுங்கள். அது குறையுமில்லை, புனிதமான ரகசியமுமில்லை. ஒரு கை எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். நான் அந்த வீட்டுப் பிள்ளை, எனக்கே அது தெரியவில்லை. வெளியாட்களாகப் போகிற நீங்கள் இரண்டு மடங்கு கேளுங்கள்.

அறுத்த இருக்கைகளைப் போட்ட அன்று ராவுத்தர் கூப்பிட்ட பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மரியமும் வந்தாள், இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி. நான் தடுத்தேன். எலும்பு சேராமல் வேலை பார்க்கக் கூடாது, உங்கள் இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று உறுதி சொன்னேன். ராவுத்தரும் அதையே சொன்னார். மரியம் கேட்பதாக இல்லை.

“சோலி பாக்க வரல தம்பி. உக்காந்து காட்ட வந்திருக்கேன்.”

நோன்போடுதான் வந்திருந்தாள். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து வலது கையால் காயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. எனக்குத்தான் வேர்த்தது. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன், பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, போய் உங்கள் சோலியைப் பாருங்கள் என்று விரட்டினாள். பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பாதையில் மூட்டையோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கை கொடுக்கலாம் என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். மரியம் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினாள். சுவருக்கு மேலே தலை வரும் முன், கட்டுப் போடாத ஒரே கையையும் முக்காட்டுக்குக் கொண்டுபோனாள். எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். நான் வழியைவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அவள் தொழப் போனாள்.